1973 ஜெர்மன் கோப்பை ஃபைனலில் நெட்சர் தானாகவே களமிறங்கினாரா?

கேள்வி இதுதான்: 1973 ஜெர்மன் கோப்பை கால்பந்து ஃபைனலில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த நடுக்கள நட்சத்திரம் குந்தர் நெட்சர் கோச்சின் அனுமதி இல்லாமல் தானாகவே மைதானத்துக்குள் போய் வெற்றி கோல் அடித்தார் என்கிறார்களே, அது நடந்ததா, அல்லது ரசிகர்கள் ஊதிப் பெருக்கிய கதையா? இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. களத்தில் என்ன நடந்தது? ஆட்டவிதி அதற்கு இடம் தருகிறதா? கோச்சின் விருப்பத்துக்கு எதிராகத்தான் அது நடந்ததா? முதல் இரண்டுக்கும் உறுதியான பதில் சொல்ல முடியும். மூன்றாவதில்தான் கதை வழக்கமாகத் தடம் மாறிப்போகிறது. அதனால் அதற்கு அதிக இடம் தருகிறேன்.

முதலில் பதிவில் உள்ளவை. ஆட்டம் நடந்தது 1973 ஜூன் 23, டுசல்டோர்ஃப் நகரின் ரைன் ஸ்டேடியத்தில். மோதியவை நெட்சரின் பொருஸ்ஸியா மொன்ஷன்கிளாட்பாக் (சுருக்கமாக கிளாட்பாக்), 1. எஃப்.சி. கொலோன் அணிகள். 24-வது நிமிடத்தில் ஹெர்பர்ட் விம்மர் கிளாட்பாக்குக்கு முதல் கோல் அடித்தார். 40-வது நிமிடத்தில் ஹெர்பர்ட் நாய்மன் கொலோனுக்குச் சமன் செய்தார். தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது 1-1. கூடுதல் நேரம் தொடங்கும்போது கிறிஸ்டியான் கூலிக் வெளியேற, நெட்சர் உள்ளே வந்தார். 94-வது நிமிடத்தில் கோல். 2-1 என்று கிளாட்பாக் கோப்பையை வென்றது. இதில் எதையும் யாரும் மறுக்கவில்லை. தொண்ணூறு நிமிடத்தின் கடைசிக் கட்டத்தில் அவர் இறங்கினார் என்று சில இடங்களில் எழுதுவது தவறு. 90 முடிந்து கூடுதல் நேரம் தொடங்குவதற்குள் கிடைக்கும் சிறிய இடைவெளியில் நடந்த மாற்றம் அது. விதியைப் பற்றிப் பேசும்போது இந்த இடைவெளி முக்கியமாகும்.

இந்த இரண்டு ஊர்களும் டுசல்டோர்ஃபும் ஒரே ரைன் வட்டாரம். ஜெர்மன் கோப்பையின் இறுதி ஆட்டம் நிரந்தரமாக பெர்லினுக்குப் போனது 1985-இல்தான். அதற்கு முன் ஆண்டுதோறும் இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஆண்டு ரைன் கரை மைதானத்திலேயே ரைன் வட்டாரத்தின் இரண்டு பெரிய அணிகள் மோத நேர்ந்தது. 1974 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்த மைதானம் அது. கிட்டத்தட்ட 70,000 பேர் வந்திருந்தார்கள். லீக்கில் பயர்ன் முனிச் சாம்பியன், கொலோன் இரண்டாம் இடம், கிளாட்பாக் ஐந்தாம் இடம். கிளாட்பாக் அதே ஆண்டு மே மாதத்தில்தான் ஐரோப்பியக் கிளப்களுக்கான யு.இ.எஃப்.ஏ. கோப்பையின் இரண்டு ஆட்ட ஃபைனலில் லிவர்பூலிடம் தோற்றிருந்தது. லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 0-3, சொந்த மண்ணில் 2-0. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் கோப்பை கைநழுவியது. சீசனைக் காப்பாற்ற அவர்களுக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு ஆட்டம்.

நெட்சர் ஏன் பெஞ்சில் இருந்தார் என்பதற்கு வருவோம். 1972-இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற மேற்கு ஜெர்மனி அணியின் மூளை அவர். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஜெர்மனியின் சிறந்த கால்பந்து வீரர் பட்டம் பெற்றவர். கிளாட்பாக் ஊரிலேயே பிறந்து, பத்து ஆண்டு அந்தக் கிளப்புக்கே ஆடியவர். அப்படிப்பட்டவரை ஃபைனலில் உட்கார வைப்பது சின்ன முடிவு அல்ல. ஃபைனலுக்குச் சில நாள்களுக்கு முன்பே அவர் ரியல் மாட்ரிட்டுக்குப் போவது வெளியாகிவிட்டது. அதே நாள்களில் அவருடைய தாயும் இறந்துபோனார். பயிற்சி விட்டுப்போனது, உடல்தகுதி முழுமையாக இல்லை. இந்த நிலையில் கோச் ஹென்னஸ் வைஸ்வைலர் அவரை முதல் பதினொன்றில் சேர்க்கவில்லை. உடல்தகுதியா, மாட்ரிட் விவகாரத்தின் கசப்பா, எது உண்மையான காரணம் என்று கேட்டால், இரண்டும் என்பதே என் மதிப்பீடு. போகிற ஆளை நம்பி ஃபைனல் ஆடுவதில்லை என்று ஒரு கோச் நினைத்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. உடல்தகுதிக் குறைவும் கற்பனை அல்ல.

ஆனாலும் மாற்று வீரர்கள் பட்டியலில் நெட்சரின் பெயரை வைஸ்வைலர் வைத்திருந்தார். இதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவர் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும், எவ்வளவு துணிச்சல் இருந்தாலும், உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. நெட்சர் உள்ளே போக முடிந்ததற்கு முதல் காரணம் வைஸ்வைலர் எழுதிக் கொடுத்த அந்தப் பட்டியல்தான்.

அடுத்து தொண்ணூறு நிமிடம். நெட்சர் கதையைச் சொல்கிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தமே. நெட்சர் இல்லாமலே இந்த ஆட்டம் மிக உயர்ந்த தரத்தில் நடந்தது. இரண்டு அணிகளும் முன்னேறித் தாக்கின. கொலோன் பக்கம் வொல்ஃப்காங் ஓவரத், ஹைன்ஸ் ஃப்ளோஹே என்று பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கத் தெரிந்த இருவர். கிளாட்பாக் பக்கம் பந்தைப் பறித்த கணமே முன்னால் பாயும் ஆட்டம். வைஸ்வைலரின் அணிக்குக் குதிரைக்குட்டிகள் என்ற செல்லப்பெயர் வந்ததே இந்தப் பாய்ச்சலாலும் இளமையாலும்தான்.

முதல் கோல் அடித்த விம்மரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக நெட்சருக்காக ஓடியவர் அவர். நெட்சர் நடுக்களத்தில் நின்று நிதானமாகப் பார்த்து 40 மீட்டர் பாஸ் போடுவார். அந்த நிதானத்துக்கான விலையை விம்மரின் கால்கள் கொடுத்தன. எதிரணி ஆளைத் துரத்துவது, பந்தைப் பறிப்பது, பறித்ததை நெட்சரிடம் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. நெட்சர் பெஞ்சில் இருந்த நாளில் விம்மர் தானே முன்னேறி கோல் அடித்தது இந்த ஆட்டத்தில் நான் மிகவும் விரும்பும் பகுதி. சமன் செய்த நாய்மனுக்கு அப்போது வயது 19.

இரண்டாம் பாதியில் கிளாட்பாக்குக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் யுப் ஹைன்கெஸ். அந்த அணியின் கோல் இயந்திரம், தவற விடுவார் என்று யாரும் எதிர்பார்க்காத ஆள். கொலோன் கோல்கீப்பர் கெர்ஹார்ட் வெல்ஸ் அதைத் தடுத்துவிட்டார். இந்தப் பெனால்டி உள்ளே போயிருந்தால் ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நெட்சர் உள்ளே வர அவசியமே இருந்திருக்காது. இந்தக் கதையில் வெல்ஸுக்கு உரிய இடம் யாரும் கொடுப்பதில்லை. தோற்ற அணியின் கோல்கீப்பர் என்பதால் பெயர் மறைந்துபோனது. எதிர்முனையில் கிளாட்பாக் கோல்கீப்பர் வொல்ஃப்காங் க்ளெஃபும் அன்று சளைக்கவில்லை.

இப்போது சற்றுப் பின்னால் போய், முதல் பாதி முடிந்த இடைவேளை. என் பார்வையில் கதையின் மையம் இதுதான். ஸ்கோர் 1-1. நெட்சர் பிற்காலத்தில் பலமுறை சொன்னதன்படி, வைஸ்வைலர் இடைவேளையிலேயே அவரை இறங்கச் சொன்னார். நெட்சர் மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம்: ஆட்டம் அருமையாகப் போகிறது, இந்த வேகத்தில் நான் போய் எந்த உதவியும் செய்ய முடியாது. அரங்கில் ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது அவர் பெஞ்சிலேயே இருந்தார். கோச்சின் பேச்சை மீறியது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இந்த மறுப்புதான். பிற்பாடு அவர் உள்ளே போனது, கோச் ஏற்கெனவே கேட்டதைத் தாமதமாகச் செய்ததுதான். மக்கள் மனதில் இது தலைகீழாகப் பதிந்திருக்கிறது. வைஸ்வைலர் கடைசி வரை அவரை வைக்க மறுத்தார், நெட்சர் கலகம் செய்து உள்ளே போனார் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

கூடுதல் நேரத்துக்கு முன் நடந்தது இது. இளம் மிட்ஃபீல்டர் கூலிக் முற்றிலும் களைத்துப்போயிருந்தார். கோடைகால ஆட்டம், ஓயாத ஓட்டம், தசைகள் விட்டுக்கொடுத்துவிட்ட நிலை. நெட்சர் அவரிடம் போய் இன்னும் ஆட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் கூலிக். நெட்சர் மேல் சட்டையைக் கழற்றிவிட்டு, வைஸ்வைலரைக் கடந்து போகும்போது, சரி, நான் ஆடுகிறேன் என்ற பொருளில் ஒரு வரி சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனார். இதில் கூலிக் களைத்திருந்ததும், அவருக்குப் பதில் நெட்சர் வந்ததும் உறுதி. பேசிக்கொண்ட சொற்களுக்கு முக்கிய ஆதாரம் நெட்சரின் வாய்மொழி. வைஸ்வைலர் 1983-இல் இறந்துவிட்டார். அதற்குப் பின் பல பத்தாண்டுகளாக இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பச் சொன்னவர் நெட்சர். நெட்சர் நேர்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரே நிகழ்ச்சியை அத்தனை ஆண்டு சொல்லும்போது சொற்கள் மெருகேறுவது இயல்பு. எனவே நிகழ்ச்சியை நம்புங்கள், மேற்கோள்குறிக்குள் வரும் வசனங்களை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டாம்.

விதியைப் பார்ப்போம். மாற்று வீரர் பற்றிய விதி பேசுவது நடுவரோடுதான். மாற்றம் செய்யப்போவதை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். வெளியேற வேண்டியவர் வெளியேறிய பின்பே புதியவர் நுழைய வேண்டும். ஆட்டம் நின்றிருக்கும்போது மட்டுமே நுழைய வேண்டும். பெயர் முன்கூட்டியே கொடுத்த பட்டியலில் இருக்க வேண்டும். கோச் ஒப்புக்கொண்டாரா என்பது நடுவரின் கவலை அல்ல. அணிக்குள் யார் முடிவெடுத்தார் என்று விசாரிக்கும் பொறுப்பை விதி அவருக்குத் தரவில்லை. அந்தக் காலத்தில் கோச் கோட்டோரம் நின்று உத்தரவு போடுவதையே விதி அனுமதிக்கவில்லை. அது பிற்பாடு 1990-களில் மாறியது. ஆக, சட்டப்படி நெட்சரின் மாற்றத்தில் ஒரு குறையும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் இப்படி முடிவெடுத்தால் அது அவ்வளவு சுலபமாக நடக்காது. பந்து வெளியே போகக் காத்திருக்க வேண்டும், கோட்டருகே நிற்க வேண்டும், லைன்ஸ்மேன் கொடி காட்ட வேண்டும், வெளியேற வேண்டியவர் நடந்து வர வேண்டும். இத்தனைக்கும் நடுவில் கோச் எழுந்து வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடமாவது கிடைக்கும். நெட்சருக்குக் கிடைத்ததோ ஆட்டமே நின்றிருந்த இடைவெளி. வீரர்கள் எல்லாரும் புல்வெளியில், கோச்சும் பிசியோவும் அவர்கள் நடுவில், யார் எங்கே போகிறார் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. அப்படியிருந்தும் வைஸ்வைலர் நினைத்திருந்தால் நடுவரிடம் போய் இந்த மாற்றம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் மௌனமாக ஏற்றுக்கொண்டார் என்றுதான் இதைப் படிக்கிறேன். இடைவேளையில் வைஸ்வைலரே இறங்கச் சொன்ன ஆள் இப்போது தானாக வருகிறார். தடுக்க என்ன காரணம்?

கோலுக்கு வருகிறேன். நெட்சர் நடுக்களத்திலிருந்து பந்தோடு கிளம்பி, சக வீரர் ரைனர் பொன்ஹோஃபுக்குக் கொடுத்துவிட்டு நிற்காமல் ஓடினார். பொன்ஹோஃப் திருப்பிக் கொடுத்தார். பெனால்டி பகுதிக்குள் பந்து வந்தபோது நெட்சர் இடது காலால் அடித்தார். பந்து கோலின் மேல் மூலைக்குப் போய் விழுந்தது. வெல்ஸால் எட்ட முடியவில்லை. கொடுத்து வாங்கும் இந்த இரட்டைப் பாஸை ஜெர்மன் ஆட்டத்தில் சிறுவர்கள் முதலிலேயே கற்றுக்கொள்வார்கள். எளிய வித்தைதான், ஆனால் வேகமும் நேரமும் பொருந்தினால்தான் பலிக்கும். கொடுத்தவர் நின்றுவிட்டால் எதிரணி ஆள் திரும்பிக்கொள்வான். கொடுத்த கையோடு ஓடினால், பந்தைப் பார்க்கும் ஆள் ஓடுபவரைத் தவறவிடுவான். நெட்சர் ஓடுவதை வெறுப்பவர் என்று பேர் வாங்கியவர். அந்த ஒரு தடவை அவர் நிற்காமல் ஓடினார்.

அடி எப்படி விழுந்தது என்பதில் நெட்சரே சொல்லும் விளக்கம் முக்கியமானது. பந்து கடைசி நொடியில் துள்ளியது, காலில் நினைத்தபடி படவில்லை, சரியாகப் பட்டிருந்தால் உள்ளே போயிருக்காது என்று அவர் மறுபடி மறுபடி சொல்லியிருக்கிறார். இயல்பில் அவர் வலதுகால்காரர். புகழ்பெற்ற அவருடைய ஃப்ரீகிக்குகள் வலது காலிலிருந்து வந்தவை. இடதுகாலில், துள்ளும் பந்தை, ஓடும் வேகத்தில் அடிப்பதென்றால் கணக்குப் பிசகுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. கணக்குப் பிசகும்போது பந்தின் பாதையை கோல்கீப்பராலும் கணிக்க முடியாது, ஏனென்றால் அடிப்பவரின் உடல் காட்டும் திசையைப் பார்த்துத்தான் அவர் நகர்கிறார். இந்தக் கோலில் ஓரளவு அதிர்ஷ்டம் உண்டு என்று சொன்னால் நெட்சரைக் குறைப்பதாக ஆகாது. அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுசேர்த்த ஓட்டத்திலும் பாஸிலும் அதிர்ஷ்டம் இல்லை. ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியின் பார்வையாளர்கள் இதை 1973-இன் சிறந்த கோலாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் தொடுகையிலேயே கோல் அடித்தார் என்று சிலர் சொல்வதைத் தள்ளிவிடலாம். பொன்ஹோஃபுக்குப் பாஸ் கொடுத்த பிறகுதானே பந்து திரும்பி வந்தது. இரண்டாவது தொடுகை என்பது ஜெர்மனியில் வழக்கமாகச் சொல்லப்படுவது. பாஸ் ஒன்று, அடி ஒன்று என்று எண்ணுகிறார்கள். களத்துக்கு வந்து நான்கு நிமிடத்துக்குள் என்பது மட்டும் நேரக் கணக்குப்படியே உறுதி.

அது பலித்ததற்கு ஆட்டமுறையிலும் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து ஜெர்மன் ஆட்டத்தில் ஆளுக்கு ஆள் காவல். கூலிக்கைக் காத்த கொலோன் வீரர் 90 நிமிடம் ஓடியவர். திடீரென்று அவருக்கு எதிரே புத்துணர்வோடு, முற்றிலும் வேறு பாணியில் ஆடும் ஒருவர் வந்து நிற்கிறார். யார் யாரைக் காப்பது என்று கொலோன் பின்வரிசை பேசி ஒழுங்கு செய்ய இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். கோல் விழுந்ததும் அந்த நிமிடங்களிலேயே. களைத்த அணிக்கு எதிராகப் புதிய வீரரின் மதிப்பு அவர் வந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் மிக அதிகம். எதிரணி தன்னைச் சரிசெய்துகொண்ட பிறகு அந்த மதிப்பு இறங்கிவிடும். நெட்சர் இடைவேளையில் இறங்கியிருந்தால் இந்த அனுகூலம் கிடைத்திருக்காது. அரைகுறை உடல்தகுதியோடு 45 நிமிடம் அந்த வேகத்தில் ஓடியிருந்தால் கூடுதல் நேரத்தில் அவரும் கூலிக்கைப் போலத் தரையில் கிடந்திருப்பார். இடைவேளையில் அவர் மறுத்தது ஆணவம் என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். விளைவை வைத்துப் பார்த்தால் ஆட்டத்தைச் சரியாகப் படித்த முடிவு அது.

வைஸ்வைலரை இந்தக் கதையின் வில்லனாக ஆக்குவதை நான் ஒப்பவில்லை. இரண்டாம் நிலை லீக்கில் இருந்த சிறு நகர அணியை 1964-இல் எடுத்து, 1965-இல் நாட்டின் முதல் நிலை லீக்கான புண்டஸ்லீகாவுக்குக் கொண்டுவந்து, 1970, 1971 என்று தொடர்ந்து இரண்டு முறை சாம்பியனாக்கியவர் அவர். புண்டஸ்லீகாவில் பட்டத்தைத் தக்கவைத்த முதல் அணி அது. தாக்குதல் மட்டுமே போதும் என்பது அவர் கொள்கை. பின்வரிசை உறுதியானால்தான் கோப்பை வரும் என்று நெட்சர் வாதாடியவர். 1969-இல் க்ளவுஸ்-டீட்டர் ஸீலொஃப், லுட்விக் மூலர் ஆகிய அனுபவசாலித் தடுப்பாட்டக்காரர்கள் வந்த பிறகே பட்டம் வந்தது. இருவரும் மோதிக்கொண்டே ஒருவரையொருவர் வளர்த்தார்கள். பெரிய வீரர்களோடு உரசுவது வைஸ்வைலரின் இயல்பு. பிற்பாடு பார்சிலோனாவில் யோஹான் க்ரைஃபோடு முட்டிக்கொண்டு சீசன் முடியும் முன்பே கிளம்பினார். கொலோனுக்குத் திரும்பியபோது ஓவரத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஓவரத் 1977-இல் ஆட்டத்தை விட்டார். அடுத்த ஆண்டே அதே கொலோனை லீக், கோப்பை இரண்டையும் ஒரே சீசனில் வெல்ல வைத்தார் வைஸ்வைலர்.

1973-இல் அவர் எதிர்த்த கொலோன் அவருக்கு அந்நியமான கிளப் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிளப்பில் வீரராகவும் கோச்சாகவும் இருந்தவர் அவர். கொலோனின் சின்னமான ஆட்டுக்கடாவுக்கு 1950-இல் வைத்த பெயர் ஹென்னஸ். அவர் பெயர்தான். அன்று எதிரணி ரசிகர்களின் செல்ல ஆட்டுக்கும் கிளாட்பாக் கோச்சுக்கும் ஒரே பெயர்.

ஓவரத் களத்தில், நெட்சர் பெஞ்சில் என்ற அமைப்புக்கும் அன்று தனி அர்த்தம் இருந்தது. மேற்கு ஜெர்மனி அணியின் நடுக்களத் தலைமைக்கு இருவரும் போட்டியாளர்கள். 1972-இல் ஓவரத்துக்குக் காயம், நெட்சர் அந்த இடத்தில் ஒளிர்ந்தார். 1974 உலகக் கோப்பையில் இடம் ஓவரத்துடையதாகி, நெட்சருக்குக் கிடைத்தது கிழக்கு ஜெர்மனிக்கு எதிராகத் தோற்ற ஆட்டத்தின் கடைசி இருபது சொச்சம் நிமிடங்கள் மட்டுமே. அந்த உலகக் கோப்பையை வென்ற 22 பேரில் பத்துப் பேர் 1972-73 சீசனில் இந்த இரண்டு கிளப்களின் வீரர்கள்: க்ளெஃப், ஃபோக்ட்ஸ், பொன்ஹோஃப், விம்மர், ஹைன்கெஸ், நெட்சர், ஓவரத், குல்மன், ஃப்ளோஹே, கப்பல்மன். அந்த ஃபைனலின் தரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டினால் போதும்.

அந்த ஆட்டம்தான் கிளாட்பாக் சட்டையில் நெட்சரின் கடைசி ஆட்டம். மாட்ரிட்டில் 1975, 1976 இரண்டு ஆண்டும் ஸ்பெயின் லீக் வென்றார். கிளாட்பாக் அவர் போனதும் சரிந்துவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1975-இல் லீக்கும் யு.இ.எஃப்.ஏ. கோப்பையும், பின் 1976, 1977 என்று தொடர்ந்து லீக் பட்டங்களும் அவர்களுடையவை. அந்த 1973 அணியிலிருந்த ஹென்னிங் யென்சனும் உலி ஷ்டீலிகேயும் பிற்பாடு நெட்சர் போன அதே மாட்ரிட்டுக்குப் போனார்கள்.

இதுதான் ஜெர்மன் கோப்பையின் மிகச் சிறந்த ஃபைனலா என்ற கேள்வியும் உண்டு. ஒற்றைக் காட்சியின் புகழில் இதற்கு நிகரில்லை. மொத்த ஆட்டமாகவும் முதல் வரிசையில் வைக்க வேண்டியதே. நாடகம் மட்டும் வேண்டுமென்றால் 1982-ஐயும் பாருங்கள். நூரன்பெர்க் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. தலையில் கட்டோடு ஆடிய டீட்டர் ஹோனெஸ் உள்ளிட்ட பயர்ன் 4-2 என்று திருப்பியது. 1984 இன்னொரு வகை. கிளாட்பாக்கும் பயர்னும் 1-1, முதன்முறையாக ஜெர்மன் கோப்பை இறுதி பெனால்டி ஷூட்அவுட்டில் முடிந்தது. அடுத்த சீசனில் பயர்னுக்கே போகவிருந்த லோத்தார் மத்தேயஸ் கிளாட்பாக்குக்காக அடித்த பெனால்டி கோலுக்கு மேலே பறந்தது. 7-6 என்று பயர்ன் வென்றது. கிளப்பை விட்டுக் கிளம்பும் நட்சத்திரம், கோப்பை ஃபைனல், ஒரு அடி: 1973-இல் எல்லாம் கூடிவந்தது, 1984-இல் எல்லாம் நழுவியது. 1984-இல் கிளாட்பாக் கோச், பதினோரு ஆண்டுக்கு முன் வெல்ஸிடம் பெனால்டியைப் பறிகொடுத்த அதே யுப் ஹைன்கெஸ்.

1973 ஆட்டத்தின் படம் கிடைத்தால் 94-வது நிமிடத்துக்கு நேராகத் தாவிவிடாதீர்கள். முதலில் விம்மரின் கோலையும் வெல்ஸ் தடுத்த பெனால்டியையும் பாருங்கள். பிறகு நெட்சரின் கோலைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, பொன்ஹோஃபுக்குக் கொடுத்த பின் நெட்சர் ஓடும் பாதையையும் அவரைப் பின்தொடராமல் நின்றுவிடும் கொலோன் வீரர்களையும் கவனியுங்கள். கோல் அங்கேயே பாதி விழுந்துவிட்டது தெரியும்.